தீரு பட்டணத்துச் சரக்கும் நம் ஊர் ரோஜாவும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப வைத்த ஜெபக்கூட்டம் முடிந்து, எல்லோரும் கேசரி சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகு, நீ பாத்திரம் துலக்கும் இடத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாய். நான் கழுவிக் கொடுத்த தட்டைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, நான் இந்த வேலைக்குப் போறது பாவமா?" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அந்த டம்ளர எடு" என்று சொல்லிவிட்டேன். நீயும் டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். உன் முதுகைப் பார்த்ததும், இது டம்ளரோடு முடிகிற பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேரில் உட்கார்ந்து சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் சித்தப்பா அன்றைக்கு ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுத்துக்கொண்டார். தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாகத் திராட்சரசம் குடித்து, உயர்ந்த தைலம் பூசிக்கொண்டு, பக்கத்திலிருப்பவனின் நாசத்துக்கு மனம் நோகாத பணக்காரர்களைப் பற்றிப் பேசினார். பேசும்போது உன்னையே பார்த்தார். துபாயில் நீ சேரப்போகும் கடை அரண்மனைக்கும் ஓட்டலுக்கும் பூ அலங்காரம் செய்கிற கடை. ஒரு கல்யாண மேடையில் நம் சபைக் கட்டடத்தின் கூரை உயரத்துக்கு ரோஜாவை அடுக்கியிருந்த படத்தை நீதான் அவரிடம் போனில் காட்டினாய். நீ பெருமையாகக் காட்டினாய். அவருக்கு அது தந்தக் கட்டிலாகத் தெரிந்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவமில்லை. சித்தப்பா படித்த வசனமும் பொய்யில்லை. ஆனால் அவர் அதைக் கையில் கல் வைத்துக்கொண்டு படித்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன், தீர்க்கதரிசி என்றால் பணக்காரர் வீட்டு ஜன்னலில் கல் எறிகிறவர் என்று. அந்த நினைப்பு மாறிய கதையைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். அது நடந்தபோது நீ கோயம்புத்தூரில் காலேஜ் கடைசி வருஷம். உன் படிப்பு கெட்டுவிடுமோ என்று பயந்து நானும் அப்பாவும் உன்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் ஜெயசீலன் ஐயாவின் ரோஜாப் பண்ணையில் நான் எத்தனை வருஷம் வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். என் வேலை தரம் பிரிப்பது. பூவின் தண்டு நீளம் பார்த்து, மொக்கு விரிந்த பதம் பார்த்து, கட்டுக் கட்டாகச் சேர்த்துக் குளிர் அறைக்கு அனுப்புவது. அங்கிருந்து பெங்களூர் விமான நிலையம், அங்கிருந்து எந்தெந்த நாட்டுக்கோ. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீளமான மேசை முழுக்கச் சிவப்பு ரோஜா கிடந்ததைப் பார்த்து வந்த வேலையையே மறந்து நின்றேன். வருஷக்கணக்கில் பார்த்தும் அந்தச் சிவப்பு எனக்குச் சலிக்கவில்லை. கழுத்து வளைந்து ஒதுக்கின பூவை நான் சேலைத் தலைப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சொம்பில் வைப்பேன். அப்பா, "ஊரே துட்டு குடுத்து வாங்கறத ஓசில அழகு பாக்கற" என்று கிண்டல் செய்வார். அழகான பொருளை ஆசையாகப் பார்ப்பது பாவம் என்றால், கண்ணு, உன் அம்மாவுக்கு என்றைக்கோ நியாயத்தீர்ப்பு ஆகியிருக்கும்.

ஜெயசீலன் ஐயா நம் சபைதான். நல்ல மனுஷர். தெலுங்கும் தமிழும் கலந்து சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். சபைக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேட்கும் முன்பே செய்வார். அவர் மனைவி கிரேஸ் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பண்ணைப் பெண்கள் எல்லோருக்கும் அவரே கடைக்குப் போய்ச் சேலை எடுத்து வருவார். பண்ணைக்குப் பக்கத்தில் அவர்கள் புதிதாக ஒரு பங்களா கட்டியிருந்தார்கள். தரையெல்லாம் முகம் பார்க்கும்படி வெள்ளைக் கல். வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் தங்குவதற்கு மாடியில் வரிசையாக அறைகள். மற்ற நாளில் அவை பூட்டியே கிடக்கும்.

பிப்ரவரியில் காதலர் தினத்துக்காகப் பூ போகிற சமயத்தில் பண்ணையில் தலைக்கு மேல் வேலை. அப்போது மட்டும் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம் மலைக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை வேனில் கூட்டி வருவார்கள். பண்ணைக் கோடியில் தகரக் கொட்டகையில் தங்குவார்கள். அந்த வருஷமும் வேன் வந்தது. நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். வேன்காரர் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசினார். "வந்தாச்சுண்ணா. வாளி எல்லாம் எறக்கிட்டேன். பொண்ணுங்க முப்பது எறக்கிட்டேன். பூ வெட்டற கத்தரி ரெண்டு பொட்டி, அதையும் எறக்கிட்டேன்." என் காதில் நன்றாக விழுந்தது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மேசையைத்தான் துடைத்தேன். இறங்கினவர்களில் ஒல்லியாக ஒரு பெண், துணிப்பையைக் கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே என்னிடம் வந்து, "அக்கா, பாத்ரூமு எல்லி?" என்று கேட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். பெயர் மாதம்மா.

அன்று மாலை ஐயா வீட்டில்தான் வேதபாடம். போதகர் அந்த மாதம் எசேக்கியேலை எடுத்திருந்தார். வழக்கம்போல என்னை வாசிக்கச் சொன்னார்கள். தீரு பட்டணத்தைப் பற்றிய புலம்பல். தீரு கடலோரத்து வியாபார நகரம். அதைத் தீர்க்கதரிசி ஓர் அழகான கப்பலாகப் பாடுகிறார். கேதுரு மரத்தில் பாய்மரம், கர்வாலி மரத்தில் துடுப்பு, சித்திரத் தையல் போட்ட பாய். பிறகு அந்தக் கப்பலில் எந்த நாட்டிலிருந்து என்ன சரக்கு ஏறியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தந்தம், மரகதம், பவளம், தேன், தைலம், கம்பளி. ஜெயசீலன் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம ஏர்போர்ட்டு கார்கோ மாதிரியே இருக்குதே! ஒரு சரக்க விடாம சொல்றாரே மனுசன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம் என்று வந்தது. அதற்கு அடுத்த வரியில் மனுஷர் என்று இருந்தது. மனுஷரும் வெண்கலப் பாத்திரங்களும். அதற்கப்புறம் குதிரை, கோவேறு கழுதை. என் வாய் நின்றுவிட்டது. போதகர் நான் வரியைத் தவறவிட்டதாக நினைத்து எடுத்துக் கொடுத்தார். எனக்குக் காலையில் கேட்ட குரல்தான் காதில் கேட்டது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். யோசிக்காமல் வந்துவிட்டது. "ஐயா, இன்னைக்குக் காலைல நம்ம வேன்காரர் போன்ல சொன்னாருங்க. வாளி எறக்கிட்டேன், பொண்ணுங்க முப்பது எறக்கிட்டேன், கத்தரி எறக்கிட்டேன்னு. இதே மாதிரிதானுங்க இருக்குது."

ஐயாவின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. போதகர் இருமினார், சீக்கிரமாக ஜெபம் செய்து முடித்தார். வெளியே செருப்பு மாட்டும்போது கிரேஸ் அம்மா என் பக்கத்தில் வந்து, "உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்? இத்தன பேர் முன்னாடி எங்க மானத்த வாங்கிட்டயே" என்றார். கோபமில்லை அது. அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னை அதிகமாக வாட்டியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். "வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்னா, உடு. ரசம் ஊத்து" என்றார். உன் அப்பா வேதபாடத்துக்கு வராத ஆள். ஆனால் எனக்கு அன்றைக்குத் தேவையான பிரசங்கம் அதுதான்.

மறுநாள் ஐயா என்னைக் கூப்பிட்டு, "ஊட்டுக்கு வந்து தனியா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. தரம் பிரிக்கும் மேசையிலிருந்து எடுத்து, இலையும் கழிவும் கொட்டும் இடத்தில் போட்டார். பெண்களின் கொட்டகையும் அப்படியே இருந்தது, வேனும் அப்படியே வந்துபோனது. கேட்டதும் மனம் மாறிவிட்டார் என்று கதைகளில் வரும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குப்பைமேட்டில் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நான் அந்த எசேக்கியேலை நினைத்துக்கொள்வேன். அவர் சொந்த ஊரில் சௌகரியமாக உட்கார்ந்து எழுதியவர் இல்லை. சிறைபிடிக்கப்பட்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிச்செல்லப்பட்டு, அந்நிய தேசத்தில் ஓர் ஆற்றங்கரையில் இருந்தவர். ஈயத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் எண்ணப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் அந்தக் கப்பலைக் கேவலமாக ஒரு சொல் சொல்லவில்லை. அதன் அழகைப் பலகை பலகையாகச் சொல்லி, அது உடைந்ததற்கு ஒப்பாரி பாடுகிறார். வெறுக்கிறவன் ஒப்பாரி பாட மாட்டான், கண்ணு. அதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஐயா மேல் இருந்த கசப்பு மெல்ல இறங்கிவிட்டது.

காதலர் தினம் முடிந்தும் கல்யாணப் பூவுக்காக மலைப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அடுத்த மாதம் கொரோனா வந்தது. விமானம் நின்றது. கல்யாணம் நின்றது, கோயில் சர்ச்சு எல்லாம் மூடியாயிற்று. ஆனால் செடிக்கு ஊரடங்கு தெரியாதே. அது பூத்துக்கொண்டே இருந்தது. வெட்டாமல் விட்டால் செடி கெட்டுவிடும். அதனால் தினமும் வெட்டினோம், வெட்டிக் குழியில் கொட்டினோம். அந்த வேலைக்குப் பக்கத்து ஊர் ஆட்கள் சிலரை மட்டும் விட்டார்கள். உலகத்துக்கே அனுப்பின அந்தச் சிவப்பு, குழிக்குள் இடுப்பளவு கிடந்து கறுத்துப் போனது. மாடுகள்கூட இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஒருநாள் ஐயா குழி ஓரத்தில் தனியாக நின்றார். சட்டைகூட இஸ்திரி போடாத சட்டை. என்னைப் பார்த்து, "அந்தக் கப்பல் கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு உடனே புரியவில்லை. "அன்னைக்கு நீ படிச்சியே" என்றார்.

"கெழக்குக் காத்து அடிச்சு நடுக்கடல்ல ஒடஞ்சி போச்சுங்கய்யா. துடுப்புப் போடறவங்க எல்லாம் எறங்கி வந்து, கரையில நின்னு, தலையில மண்ணப் போட்டுக்கிட்டு அழுதாங்க."

"கரைக்கு வந்துட்டாங்க இல்ல?" என்றார். "அவங்களாவது வந்துட்டாங்க." அப்படிச் சொல்லிவிட்டு அவர் அழுதார். நான் பூக்கூடையை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பெரிய மனுஷர் அழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் மாதம்மாவையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் போலீஸ்காரர்கள் ஜீப்பில் கொண்டுவந்து பண்ணை வாசலில் விட்டார்கள். பஸ் இல்லை, வேன்காரர் போனை எடுக்கவில்லை, கொட்டகையில் சமைத்துப் போட்ட ஆளும் ஊருக்குப் போய்விட்டார். அரிசி தீர்ந்து, தகரச் சூடு தாங்காமல், நாட்றாம்பாளையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை ரோட்டில் மடக்கித் திருப்பிவிட்டார்கள். மாதம்மாவின் கால் இரண்டும் கொப்பளம். கிரேஸ் அம்மா பங்களா வாசலுக்கு வந்து நின்றார். மாதம்மா அவரைப் பார்த்ததும் பயந்துபோய், "தப்பாய்த்தும்மா, இனிமே போகல" என்றாள். தன்னையே திருடிக்கொண்டு ஓடிப்போய், இப்போது திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள். கிரேஸ் அம்மா உள்ளே போனார். மாடி அறைச் சாவிகளை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "கொட்டாயில எத்தன பேரு இருக்காங்க? எல்லாத்தயும் வரச்சொல்லு" என்றார்.

பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். முதலில் யாரும் உள்ளே வரவில்லை. அந்த வெள்ளைத் தரையில் கால் வைக்கப் பயந்து வாசலிலேயே நின்றார்கள். கிரேஸ் அம்மா தன் செருப்போடு நடந்து வந்து, "பாருங்க, ஒண்ணும் ஆவல, வாங்க" என்றார். கட்டிலில் படுக்கச் சொன்னால் படுக்காமல் தரையில்தான் படுத்தார்கள். தரை குளிர்ச்சியாக இருக்கிறதாம். ஊரடங்கு முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள். ஒரே அடுப்பில் களியும் சோறும் ஆயிற்று. கிரேஸ் அம்மா தினமும் ஒவ்வொருத்தியிடமும் போய், சாப்பாடு ஆயிற்றா என்பதை அவர்கள் பாஷையில் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்கப் பழகிக்கொண்டார். அவர் உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு பண்ணை முழுக்கக் கேட்கும். ஐயா கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "இந்த ஊடு கட்டி இத்தன நாள்ல இப்பதான் இதுல சத்தம் கேக்குது" என்றார்.

விமானம் திரும்பப் பறந்தது. பண்ணையும் எழுந்தது. என்னைத் தரம் பிரிக்கும் மேசைக்கே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கொட்டகையை இடித்துவிட்டு ஐயா ஓட்டுக் கட்டடம் கட்டினார். அடுத்த பிப்ரவரிக்கு வேன் வந்தபோது கிரேஸ் அம்மா வாசலில் நின்று இறங்குகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் பெயர் கேட்டுக் கூட்டிப்போனார். வேன்காரர் வாளியைத் தனியாக இறக்கினார். இதனால் ஐயா சாமியார் ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. வியாபாரம் நிமிர்ந்ததும் முதல் வேலையாகப் பெரிய கார் ஒன்று வாங்கி, போதகரை உட்காரவைத்து ஊரைச் சுற்றினார். மாடி அறைகளில் பாதி திரும்பவும் பூட்டியாயிற்று. மனுஷர் அப்படித்தான். ஆனால் ஏசாயாவில் தீருவைப் பற்றி இன்னொரு முடிவு இருக்கிறது, சித்தப்பா அதைப் படிக்கவில்லை. அந்தப் பட்டணம் மறுபடியும் வியாபாரம் செய்யுமாம். அதன் லாபம் சேர்த்துவைக்கப்படாமல், பூட்டிவைக்கப்படாமல், பரிசுத்தமாகி, ஆண்டவர் சமுகத்தில் வாழ்கிறவர்கள் திருப்தியாகச் சாப்பிடவும் நல்ல துணி உடுத்தவும் ஆகுமாம். நல்ல துணி என்று தீர்க்கதரிசியே சொல்கிறார். கந்தலை உடுத்து என்று சொல்லவில்லை.

நீ போகிற இடத்தில் ஒரு ராத்திரி விருந்துக்கு ஒரு ஊருக்குப் போதுமான பூ வாடும். அதைப் பார்த்து உனக்குத் தலை சுற்றும், சில நாளில் சுற்றாமலும் போகும். சுற்றாமல் போகிற நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். உயரத்தில் நின்று வேலை பார்க்கப் பழகினவர்களுக்குக் கீழே பூவைச் சுமக்கிறவர்கள் வாளி மாதிரியே தெரிய ஆரம்பிப்பார்கள். கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அன்று காலை மேசை துடைத்துக்கொண்டிருந்த நான் கெட்டவளா? என் காதிலும் அது உறைக்கவில்லையே.

போன மாதம் மாதம்மாவுக்குக் கல்யாணம். நானும் ஐயாவும் கிரேஸ் அம்மாவும் அந்தப் பெரிய காரில் மலை ஏறினோம். கடைசி மேட்டில் கார் ஏறவில்லை, நடந்துதான் போனோம். ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. பந்தலில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எங்களை உற்று உற்றுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மாதம்மாவிடம், "யாரம்மா இவங்க? நீ கூலிக்குப் போன பண்ணைக்காரங்களா?" என்று கேட்டார். மாதம்மா மாலையோடு எழுந்து வந்து கிரேஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவங்க ஊட்டுல நான் இருந்தேன் அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கிரேஸ் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். ஐயா கையில் பரிசுப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர் போலச் சின்னப் பிள்ளையாக நின்றார். அவர் எத்தனையோ மேடையில் மாலை வாங்கியவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக ஒன்றும் அவருக்கு இதுவரை கிடைத்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

போய் வா, ராசா. நன்றாகச் சம்பாதி. நல்ல சட்டை போடு. அழகைப் பார்த்தால் பார்த்து ரசி, எனக்கும் படம் அனுப்பு. அங்கே உனக்குக் கொடுக்கப்போகிற வீட்டில் எத்தனை அறை என்று நீ இன்னும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றாக இருந்தாலும் சரி, முதல் வாரமே கடைக்குப் போய், ஊருக்குப் புதிதாக வந்த ஓர் ஆள் படுத்துக்கொள்ள ஒரு பாய் கூடுதலாக வாங்கி வை. மற்றதையெல்லாம் தீர்க்கதரிசிகளும் சித்தப்பாவும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிற
அம்மா